இடது சக்கரத்தின் எட்டுத் தகடுகள்

அன்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, போடியிலிருந்து முந்தல் போகும் ரோட்டோரப் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பட்டறைக்காரர் தவசி, வயது அறுபத்தாறு. ஜீப்பை வைத்திருப்பவனும் ஓட்டுபவனுமான சின்னமாயன், வயது முப்பத்திரண்டு. எதிர்க்கடையில் டயர் வேலை பார்க்கும் காதர் மைதீன், வயது ஐம்பத்தொன்று. தவசியின் மகள் தனக்கொடி, வயது முப்பத்தெட்டு. மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கவும் பழம் எடுக்கவும் அந்த ஜீப்பில் போகும் பதினான்கு பெண்களில் அவள் ஒருத்தி; முன்பக்கம் இடது ஓரம் அவளுடைய இடம். நாலு பேரும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாரக் கடைசியில் சுற்றுலாக்காரர்களைப் பாறைப் பாதையில் ஏற்றிக்காட்ட வேண்டுமென்று சின்னமாயன் அதை நாலு அங்குலம் தூக்கி, இடுப்பு உயரத்துக்குத் தடித்த டயர் போட்டிருந்தான். வியாழக்கிழமை முதல் அது நாற்பதைத் தொட்டால் முன்பக்கம் வெறிபிடித்தாற்போல ஆடியது. வெள்ளிக்கிழமை இறக்கத்தில் ஆடியபோது உள்ளே இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் நகத்தால் பிறாண்டிக்கொண்டார்கள். தனக்கொடியின் வலது முழங்கையில் நாலு கோடு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. நாளை காலை ஆறு மணிக்கு வண்டி மலையேற வேண்டும். ஏறலாமா கூடாதா என்று தவசி சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்காகத்தான் மூன்று பேரும் நின்றார்கள். “ஸ்டியரிங்ல டேம்பர் புதுசு மாத்திட்டேன் மாமா, ஆட்டத்த அது அமுக்கிரும். நீங்க ஒரு வாட்டி ஓட்டிப் பாத்து சரின்னு சொல்லிட்டா போதும், இந்தப் பொம்பளைக வாய அடைச்சுரலாம்” என்றான் சின்னமாயன். “எங்க வாய அடைக்கிறது இருக்கட்டும், வெள்ளிக்கிழம ஒன் வாயி என்னா சொல்லுச்சு, அதச் சொல்லு அப்பாட்ட” என்றாள் தனக்கொடி. “என்னா சொன்னேன்?” “ஆத்தான்னு சொன்ன.” காதர் மைதீன் மட்டும் சிரித்தார். தவசி சிரிக்கவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று அவர் விலா எலும்புக்குள் கிடந்து குத்தியது. பத்து நாளைக்கு முன்னால் இந்த ஜீப்பின் இடது முன்சக்கர முட்டியைத் திறந்து மூடியது அவருடைய கை.

அவரே ஓட்டினார். சின்னமாயன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஸ்டியரிங்கைப் பிடித்தபோது இரண்டு கட்டைவிரலையும் வெளியே எடுத்து வட்டத்தின் மேலே வைத்தார். உள்ளே கொக்கி போட்டுப் பிடிக்கிறவன் விரலை வட்டக் கம்பி பிய்த்துக்கொண்டு போகும், அவர் பார்த்திருக்கிறார், பார்த்ததை இப்போது நினைக்கக் கூடாது, வேக முள்ளைப் பார், முப்பது. புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ரோடு சீராக இருந்தது. முப்பத்தைந்து. ஒன்றுமில்லை, டேம்பர் பிடிக்கிறது, ஒருவேளை டயர்தானோ, ஒருவேளை காதர் சக்கரத்தின் எடையைச் சரிசெய்யும் ஈயக்கட்டியைத் தப்பாக வைத்திருந்தாரோ, வைத்திருந்தால் எவ்வளவு நல்லது, அவர் தப்பாக இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்த உடனே தவசிக்கு வாயில் கசந்தது. முப்பத்தெட்டு. கையில் ஒரு சின்ன அரிப்பு மாதிரி வந்தது, போனது. நாற்பது. எதிரே சின்னப் பாலம், அதன் மூட்டில் தார் விட்டுப்போய் ஒரு விரற்கடைப் பள்ளம். நாற்பத்திரண்டில் இடது சக்கரம் அதில் இறங்கி ஏறியது. கழுத்தறுபட்ட சேவல் கையில் அடித்துக்கொள்வதுபோல ஸ்டியரிங் அடித்துக்கொள்ளத் தொடங்கியது. இடம், வலம், இடம், வலம், எண்ண முடியாத வேகம். எஞ்சின் மூடி தடதடவென்று குதித்தது. இருக்கைக்கு அடியில் கிடந்த ஜாக்கி இரும்பில் மோதி மோதிக் கத்தியது. பல் நாக்கில் பதிந்து ரத்தம் உப்பாக ஊறியது. சின்னமாயன் ஏதோ சொன்னான், வாய் திறந்து மூடியது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பிரேக்கை மிதிக்காதே, மிதித்தால் வண்டி மூக்கு குத்தும், காலை எடு, விடு, தானாக இறங்கட்டும், இறங்காது, இது இறங்காது, இது நம்மைக் கொன்றுவிட்டுத்தான் இறங்கும். முப்பத்தைந்து, அப்போதும் அடித்தது. இருபத்தெட்டு, அப்போதும் அடித்தது. பதினெட்டில் விட்டது. யாரோ கழுத்தைப் பிடித்து உலுக்கிவிட்டுச் சலித்துப்போய்க் கீழே போட்டதுபோல விட்டது. பாலத்தில் தொடங்கி அடங்குகிற வரை அவர் மனசுக்குள் பதினொன்று எண்ணியிருந்தார். எண்ணியது அவருக்கே தெரியாது.

வண்டியை ஓரம் கட்டினார். சின்னமாயன் இறங்கி நின்று சிகரெட் பற்றவைக்கப் பார்த்தான், மூன்று குச்சி அணைந்தது. “டேம்பர் மட்டமானது போல மாமா. தேனியில நல்ல கம்பெனியா ஒண்ணு வாங்கிப் போட்டோம்னா சரியாயிரும்” என்றான். காலடியில் கிடந்த பதினேழாம் நம்பர் ஸ்பானரைத் தவசி பார்த்தார். அதை எடுத்து இவன் தாடையில் ஒன்று வைத்தால் என்ன, ஒரே ஒன்று, கடைவாய்ப் பல் இரண்டும் வெளியே வந்து தார் ரோட்டில் விழ வேண்டும், கம்பெனி கம்பெனி என்று சொல்லும் அந்த வாய் கோணிக்கொள்ள வேண்டும். கை ஸ்பானரை எடுக்கவில்லை. எடுத்தாலும் யாரை அடிக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது. எட்டு எடுத்தேன். எட்டு வைத்தேன். சக்கரம் திரும்புவதற்கு முட்டியில் மேலும் கீழும் ஒரு முளை, கிங்பின் என்பார்கள்; அந்த முளைக்கு ஒரு மூடி; மூடிக்கு அடியில் காகிதம் மாதிரித் தகடுகள். தகடு கூடினால் மூடி ஏறி முளை தொளதொளவென்று ஆகும், குறைந்தால் இறுகும். பத்து நாளைக்கு முன் திறந்தபோது எட்டுத் தகடு இருந்தது. நான்கு துருவேறி விரலில் உதிர்ந்தன. நான்கு புதிதாக வெட்டினார். எட்டு வைத்து மூடினார். எட்டுக்கு எட்டு. ராத்திரி படுத்துக்கொண்டும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார், எட்டுதான். எண்ணிக்கையில் அவர் தப்பியதே கிடையாது. தப்பியிருந்தால், இல்லை, தப்பவில்லை, எட்டு எடுத்தேன், எட்டு வைத்தேன், அண்ணன் வண்டியில் ஆறு எடுத்தேன், ஆறு வைத்தேன்.

அண்ணன் மொக்கராசு. நாற்பத்து மூன்று வருஷம் ஆயிற்று. மலையில் பதினோராவது வளைவு. அந்த வண்டியின் இடது முட்டியையும் தவசிதான் திறந்து மூடினார், அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. பதினாறாம் நாள் அது இறக்கத்தில் ஆடியது. ஆடுது ஆடுது என்று மொக்கராசு கத்தியதை மேலே மாடு ஓட்டிப் போனவன் கேட்டான். வண்டி உருண்ட பள்ளத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்களில் தவசி மூன்றாவது ஆள். முதலில் கண்ணில் பட்டவை தோட்ட வேலைக்குப் போனவர்களின் சோற்றுத் தூக்குவாளிகள். செடி செடியாக மாட்டிக்கொண்டு, சில மூடி திறக்காமலே. எண்ணு என்றார்கள். எத்தனை பேர் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, வாளியை எண்ணினால் தெரியும். ஒன்பது வாளி. எட்டு உடம்பு. ஒன்பதாவதைச் சாயங்காலம் வரை தேடினார்கள். பாறைக்கு அடியில் ஒரு கிழவி உயிரோடு கிடந்தாள், தண்ணீர் கேட்டாள், குடித்துவிட்டுச் செத்தாள். மொக்கராசு பத்தாவது. அவன் வலது கட்டைவிரல் பின்பக்கமாக மடிந்து மணிக்கட்டில் படுத்திருந்தது, ஏதோ தூங்குகிற குழந்தை மாதிரி. அதை நிமிர்த்திவைக்கப் பார்த்தார் தவசி. நிமிர்ந்தது, விட்டதும் மறுபடி படுத்துக்கொண்டது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள், என்னப்பா வேலை பார்த்தே. அவர் சொன்னார், கழட்டினது அத்தனையும் திரும்ப மாட்டினேன் சார், ஒன்றும் மீதி இல்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எந்த வேலை முடித்தாலும் விரித்துப்போட்ட தாளை உதறிப் பார்ப்பார். ஒரு வாஷர் மீதி இருந்தாலும் மொத்தத்தையும் மறுபடி கழற்றுவார். தவசி பட்டறையில் வேலை முடிந்தால் ஒரு ஆணி மிஞ்சாது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கும். வெட்கமாகவும் இருக்கும். யாராவது அதைச் சொல்லும்போதெல்லாம் எட்டும் ஒன்றும் ஒன்றும் பத்துப் பேர் கொஞ்சம் தூரமாகப் போய் நிற்பார்கள்.

பட்டறைக்கு இருபதுக்கு மேல் போகாமல் திரும்பினார். காதர் மைதீன் ரோட்டுக்கே வந்து நின்றார். “ஆடுச்சா? ஆடட்டும். என் சக்கரத்துல கொற இல்லண்ணே. நாலு சக்கரமும் மிஷின்ல ஏத்தி எறக்கிருக்கேன், வேணும்னா இப்பவே ஏத்திக் காட்றேன்.” “சக்கரம் சரி ராவுத்தரே” என்று தவசி முனகினார். முதலில் புது டேம்பரைக் கழற்றி ஓரமாக வைத்தார். நோயை மறைக்கிற மாத்திரை அது, அது இருக்கிற வரை எதுவும் தெரியாது. சின்னமாயன் பதறினான். “மாமா, அது போனா சுத்தமா ஆடுமே.” “ஆடணும்” என்றார். தனக்கொடியை ஓட்டுநர் இருக்கையில் ஏறச் சொன்னார். “தாயி, ஸ்டியரிங்க இப்பிடிக் கொஞ்சம், அப்பிடிக் கொஞ்சம் ஆட்டு. நிப்பாட்டுன்னு சொல்ற வரைக்கும் ஆட்டிக்கிட்டே இரு.” கீழே சாக்கை விரித்து மல்லாந்து படுத்து முன் அச்சுக்கு அடியில் போனார். மேலே மகள் ஆட்டினாள். தலைக்கு மேல் இரண்டு டன் இரும்பு கிரீச் என்று நெளிந்தது. ஒவ்வொரு மூட்டையும் உள்ளங்கையில் மூடிப் பிடித்துப் பார்த்தார். தேய்ந்த மூட்டு கண்ணுக்குத் தெரியாது, கைக்குள் தவளை மாதிரித் துள்ளும். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் கம்பி, அதன் வலது முனை, துள்ளவில்லை. நடு மூட்டு, துள்ளவில்லை. ஸ்டியரிங் பெட்டியின் நாலு போல்ட், அசையவில்லை. ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் நீளமான தொங்கட்டான்கள், நாலு அங்குலம் தூக்குவதற்காகச் சின்னமாயன் போட்டவை. அவை அச்சைக் கொஞ்சம் பின்னால் சாய்க்க வேண்டிய இடத்தில் நிமிர்த்திவிட்டிருந்தன. குள்ள வண்டி பொறுத்துக்கொள்ளும் சின்னத் தொளதொளப்பை இந்த வண்டி பொறுக்காது. இவன் தூக்கியது பாதிக் காரணம். மீதிப் பாதி. அது வேண்டாம். வலது சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி மேலும் கீழும் பிடித்து உலுக்கினார், ஒன்றுமில்லை. மறுபடி வலது டை ராட் முனை. மறுபடி நடு மூட்டு. இது இறங்கி இந்த முகத்தில் விழுந்தால் எப்படி இருக்கும், மூக்குத்தண்டு முதலில் போகும், அப்புறம் தாடை, தனக்கொடி மேலிருந்து நிப்பாட்டவாப்பா என்று கேட்பாள், பதில் வராது, அவளும் ஆட்டிக்கொண்டே இருப்பாள். “நிப்பாட்டவாப்பா, கை கடுக்குது” என்றாள் தனக்கொடி. “நிப்பாட்டு.” வெளியே வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தார். மூன்றாம் தடவையாக வலது பக்கம் நகரப் போனபோது காதர் மைதீன் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல, “இடது சக்கரத்துப் பக்கமே நீங்க போகலியேண்ணே” என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை.

இடது சக்கரத்தை ஏற்றினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. தள்ளி இழுத்தார். டக். சின்னச் சத்தம், பல்லில் கல் கடிபடுவது போல. மறுபடி. டக். “சக்கர பேரிங்கா இருக்கும் மாமா” என்றான் சின்னமாயன். தவசி மகளைப் பார்த்து, “பிரேக்க மிதிச்சுக்க தாயி” என்றார். பிரேக்கை மிதித்தால் சக்கரமும் முட்டியும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும், சத்தம் நிற்க வேண்டும். நிற்கட்டும். நின்றால் பேரிங், பேரிங் என்றால் நான் இல்லை. அவள் மிதித்தாள். இழுத்தார். டக். அப்படியென்றால் முளை. முளைக்கு மேலே மூடி. மூடியின் நாலு போல்ட்டையும் கழற்றும்போது ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி பிளந்தது, ரத்தம் கிரீசில் கலந்து கறுத்தது. அவர் துடைக்கவில்லை. பழைய பேப்பரை விரித்துத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்று. இரண்டு. ஏழோ ஒன்பதோ இருந்தால் எண்ணிக்கை தப்பிப்போனது, எண்ணிக்கை தப்பினால் தப்பியது கண்ணு, வயசான கண்ணு, மன்னிக்கலாம். ஆறு. ஏழு. எட்டு. எட்டுதான். சரியாக எட்டு. இருக்கட்டும், எட்டு என்றால் நான் தப்பு செய்யவில்லை என்று நெஞ்சு ஒரு தடவை ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. சரியாக எட்டு இருந்தும் சக்கரம் ஆடுகிறது. நான்கு தகடு மங்கலாக, மெல்லியதாக, ஊதினால் பறக்கிற மாதிரி. நான்கில் நீலச் சாயம் இருந்தது. ஆயில் டின்னில் வெட்டியவை. ஒன்றை எடுத்துப் பழைய தகட்டோடு சேர்த்து விரல் நுனியில் உருட்டினார். அறுபத்தாறு வயசுத் தோலுக்கே தெரிந்தது. நீலம் ஒன்று பழையதில் மூன்றுக்குச் சமம். பத்து நாளைக்கு முன் புது கிரீஸின் பிசுபிசுப்பில் முட்டி இறுக்கமாகத்தான் இருந்தது. மலையேறி இறங்கி கிரீஸ் வழிந்ததும் இடைவெளி வாயைத் திறந்துகொண்டது. எண்ணினேன். கனத்தைப் பார்க்கவில்லை. எண்ணினால் போதும் என்று யார் சொன்னார்கள். நான்தான் சொன்னேன். சார், ஒன்றும் மீதி இல்லை. அண்ணன் வண்டியில் உதிர்ந்த தகடு எத்தனை, இரண்டா, மூன்றா, மூன்று, பதிலுக்கு எதில் வெட்டினேன், மண்ணெண்ணெய் டின், மண்ணெண்ணெய் டின் இதைவிடக் கனம். நாற்பத்து மூன்று வருஷமாக ஒரு எண்ணைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அந்த எண்ணேதான் அவர்களைத் தள்ளியது. சம்மட்டி சுவரோரம் சாய்ந்திருந்தது. அதை எடுத்து இந்த வலது கையை அடைகல்லில் வைத்து, இடது கையால் ஓங்கி, விரல் விரலாக, எண்ணாமல். பார்த்துக்கொண்டே இருந்தார். சம்மட்டி சாய்ந்தபடியே இருந்தது.

“என்னாப்பா?” என்று தனக்கொடி இறங்கி வந்தாள். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தப்பு என்னோடது. வண்டி மேல இல்ல, ராவுத்தர் மேல இல்ல. நான் கனமான தகட்ட வச்சுட்டேன்.” சின்னமாயன்தான் முதலில் வாயைத் திறந்தான். “நீங்களா? நீங்க எண்ணிப் போடுவீங்களே மாமா.” “எண்ணித்தான் போட்டேன்” என்றார். பின்பு, தன்னிடமே சொல்வதுபோல, “நீ தூக்குனது பாதி. அதையும் எறக்கணும். பொம்பளைகள ஏத்துற வண்டிக்கு இந்த ஒசரம் ஆகாது.” சின்னமாயன் டயரைப் பார்த்தான், தனக்கொடியின் முழங்கையைப் பார்த்தான். “இந்த வாரத்துலயே எறக்கிர்றேன்” என்றான்.

கதவுக்குப் பின்னால் தொங்கிய கொக்கித் தராசை எடுத்து வந்தார், ஏலக்காய் மூட்டை தூக்குகிற தராசு. டை ராட் முனையைச் சம்மட்டியால் இரண்டே அடியில் தெறிக்கவிட்டார். அந்த இரண்டு அடியில் எல்லாவற்றையும் அடித்தார், சின்னமாயன் ஓரடி பின்னால் போனான். எட்டுத் தகட்டையும் திரும்ப வைத்து மூடி, முட்டியிலிருந்து நீளும் இரும்புக் கையின் நுனியில் கொக்கியை மாட்டி இழுத்தார். எட்டுத் தகட்டோடு முட்டி திரும்பத் தராசு முள் கால் கிலோவுக்கு மேல் போகவில்லை. அது கதவு இல்லை, திரைச்சீலை. ஒரு நீலத் தகட்டை எடுத்துவிட்டு மூடி இறுக்கினார். அரைக் கிலோ. இரண்டாவதை எடுத்தார். ஒன்றேகால். எடுக்கும் ஒவ்வொரு தகட்டையும் பேப்பரில் தனியாக வைக்க வேண்டியிருந்தது, வைக்கும்போது கை கூசியது, வாழ்நாளில் வைக்காத இடத்தில் வைக்கிறது. மூன்றாவதை எடுத்தார். இரண்டரையும் கொஞ்சமும், மூன்று தடவை இழுத்தும் அதே இடம். நாலாவதையும் எடுத்துப் பார்த்தார், ஐந்தரை, ஸ்டியரிங் திரும்பாது. திரும்ப வைத்தார். மறுபடி இரண்டரையும் கொஞ்சமும். “இதுதான்” என்றார், ராவுத்தரிடமா தராசிடமா என்று தெரியவில்லை. வலது பக்கமும் அளந்தார், இரண்டரை. பூட்டி முடிக்கும்போது மணி ஒன்று பத்து.

டேம்பர் இல்லாமலே எடுத்தார். சின்னமாயன் ஏறப் போனான். தனக்கொடி அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள். “நாளைக்கு அந்த எடத்துல நான்தான் உக்காரணும். நானே உக்காந்து பாக்குறேன்.” “வேணாம் தாயி.” “அப்ப நாளைக்கும் வேணாமா?” இடது ஓரத்தில், அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தாள். முப்பது. புளியமரங்கள். அவள் கையைப் பார்க்காதே, முள்ளைப் பார். முப்பத்தெட்டு. பாலம் தெரிந்தது. இவள் கட்டைவிரல் எங்கே இருக்கிறது, கம்பியைப் பிடித்திருக்கிறாள், உள்ளே கொக்கி போட்டிருக்கிறாள், சொல்ல வேண்டும், நேரமில்லை. நாற்பத்திரண்டு. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. இறங்கிய அந்தத் துளி நேரத்துக்குள் ஸ்டியரிங் பிய்த்துக்கொண்டு போனது, ஜீப் உருண்டது, வாளி வாளியாகச் செடியில் தொங்கியது, பாறைக்கு அடியில் தனக்கொடி தண்ணீர் கேட்டாள். சக்கரம் ஏறியது. கையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். ரோடு நேராக ஓடியது. அவர் நிற்கவில்லை, நாற்பத்தைந்தில் திரும்பி வந்து அதே பள்ளத்தில் விட்டார், ஐம்பதில் விட்டார், ஐம்பத்தைந்தில் விட்டார். முன்பக்கம் எங்கேயும் போகவில்லை. தனக்கொடி, “போதும்ப்பா, ரோடு தேஞ்சுரும்” என்றாள்.

ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கை விடாமலே சொன்னார். “ஒம் பெரியப்பா வண்டியிலயும் இப்பிடித்தான் தாயி. எண்ணித்தான் வச்சேன்.” தனக்கொடி வெளியே பார்த்தாள். அவளுக்கு அந்தக் கதை தெரியும், எல்லோருக்கும் தெரியும், இந்தப் பாதி மட்டும் யாருக்கும் தெரியாது. வெளியே பார்த்தபடியே கேட்டாள். “அதுல எத்தன தகடு மிச்சம் இருந்துச்சு?”

“ஒண்ணுமே இல்ல.”

அவள் அவர் தோளில் கை வைக்கவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, “வண்டி வருது, ஆறு மணிக்கு வந்துருங்க. ஆமா, அப்பா சொல்லிட்டாரு” என்றாள். அவர் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு இருபத்தைந்தில் வந்தார். பட்டறையில் காதர் மைதீன் டீ சொல்லியிருந்தார். சின்னமாயன் முகத்தைப் பார்த்து, “போலாம்” என்றார் தவசி. அப்புறம் போய்ப் பேப்பருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கை பழக்கத்தில் தாளின் விளிம்பைத் தூக்கி உதறப் போனது. உதறவில்லை. நீலச் சாயம் மேலே தெரிய, ரத்தமும் கிரீசும் பட்டு, எடுத்துவிட்ட தகடுகள் அங்கே கிடந்தன. விரலால் தொட்டு எண்ணினார். மூன்று.